அடைத்த ஜன்னல்கள்: சிகாகோ வெப்ப அலை 1995, நிகழ்வு ஆய்வு

1995 ஜூலை 13, வியாழக்கிழமை. சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் வெப்பநிலை 106 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது, செல்சியஸில் 41. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உடல் உணர்ந்த வெக்கை 49 செல்சியஸுக்கும் மேல். பகலைவிட இரவுதான் மோசம். விடியும்வரை வெப்பம் 27 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பகலெல்லாம் சூடேறிய செங்கல் சுவர்களும் தார் பூசிய தட்டைக் கூரைகளும் ஆறுவதற்குள் அடுத்த நாள் சூரியன் வந்துவிட்டது. ஜூலை 14 முதல் 20 வரையிலான ஒரே வாரத்தில், வழக்கமாக அந்த வாரத்தில் இறப்பவர்களைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள்.

இதை வானிலைப் பேரிடர் என்று வகைப்படுத்தி மூடிவிடலாம். ஆனால் அப்போது நடைமுறையில் இருந்த ஐசிடி-9 என்ற உலகளாவிய நோய்ப் பட்டியலில், அதிக வெப்பத்தால் நேரும் மரணம் ஈ900 என்ற குறியீட்டின் கீழ் விபத்துகளோடு வருகிறது. தவறி விழுதல், நீரில் மூழ்குதல், தீக்காயம் எல்லாம் இருக்கும் அதே பகுதியில். விபத்து என்றால் அது யாருக்கு வேண்டுமானாலும் நேரலாம் என்பது பொது எண்ணம். சிகாகோவில் அப்படி நேரவில்லை. எந்தத் தெருக்களில் கொலையும் வழிப்பறியும் குவிந்திருந்தனவோ, பெரும்பாலும் அதே தெருக்களில்தான் வெயில் சாவுகளும் குவிந்தன. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள்தான் விஷயமே இருக்கிறது. விதிவிலக்கான சில பகுதிகள் இல்லாவிட்டால், ‘ஏழ்மை இருந்தால் எல்லாக் கேடும் இருக்கும்’ என்ற ஒற்றை வரியோடு இந்த ஆய்வு முடிந்திருக்கும்.

நடந்தது என்ன

முதல் இரண்டு நாட்கள் நகரம் இதை வெறும் கோடை என்றே எடுத்துக்கொண்டது. ஏசிகள் ஒரே நேரத்தில் ஓட, மின்சார டிரான்ஸ்பார்மர்கள் தாங்காமல் செயலிழந்தன. சுமார் 49,000 வீடுகள் இருண்டன. மின்சாரம் போன வீட்டில் ஏசி இருந்தும் பயனில்லை. வெளிக்காற்றின் சூடு தோலின் சூட்டை (ஏறத்தாழ 35 டிகிரி) தாண்டிவிட்டால் மின்விசிறியாலும் அதிகப் பயன் இல்லை. அது வெந்த காற்றைத்தான் மேலே தள்ளும். வியர்வை நன்றாகச் சுரக்காத முதியவர்களுக்கு அதுவே கூடுதல் சுமை.

மக்கள் தெருவோரத் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிட்டு அதில் நனைந்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் திறக்கப்பட்டன. விளைவாகப் பல பகுதிகளில் குடிநீர்க் குழாயில் அழுத்தம் விழுந்தது. சில கட்டடங்களுக்குத் தண்ணீரே ஏறவில்லை. குழாய்களை அடைக்க நகராட்சி ஆட்களை அனுப்பியது. சில இடங்களில் அவர்கள்மேல் செங்கல்லும் கல்லும் பறந்தன. அன்றைய நாளில் இது சட்டம் ஒழுங்குச் செய்தி. இப்போது பார்த்தால், குளிர்விக்க வேறு வழியில்லாத பகுதியில் தண்ணீரை மூடப்போனதால் எழுந்த மோதல். வெப்ப அலைகளின்போது ‘வெயிலில் ஆட்கள் வெறிபிடிக்கிறார்கள்’ என்ற விளக்கம் சுலபமாக வந்துவிடும். வெப்பம் எரிச்சலைத் தூண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஏசி இருந்த பகுதிகளில் யாரும் குழாய்க்காகக் கல்லெறியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

20-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இனி ஆம்புலன்ஸ் ஏற்க முடியாது என்று அறிவித்தன. சிகாகோவை உள்ளடக்கிய மாவட்டமான குக் கவுண்டியின் பிணக்கிடங்கில் 222 உடல்களுக்குத்தான் இடம் இருந்தது. குளிரூட்டிய லாரிகளை வெளியே வரிசையாக நிறுத்தினார்கள். வெப்பநிலை உச்சம் தொட்டது 13-ஆம் தேதி. இறப்புகள் உச்சம் தொட்டது 15-ஆம் தேதி. இந்த இரண்டு நாள் இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உடல் முதல் நாளில் தாங்கும், இரவில் ஆற முடியாமல் சுமை சேரும், இரண்டாம் மூன்றாம் நாளில் சரியும். அதாவது காப்பாற்றுவதற்கு நேரம் இருந்தது. கதவைத் தட்ட ஆள் இருந்திருந்தால்.

எத்தனை பேர் என்பதிலேயே சண்டை

தலைமைப் பிணப் பரிசோதகர் எட்மண்ட் டோனஹ்யூ வெளியிட்ட எண்ணிக்கையை மேயர் ரிச்சர்ட் எம். டேலி வெளிப்படையாகவே சந்தேகித்தார். எல்லாச் சாவையும் வெயில் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது அவர் பக்க வாதம். டோனஹ்யூவின் அளவுகோல் மூன்று. இறக்கும் முன்போ இறந்த உடனேயோ உடல் வெப்பம் 105 பாரன்ஹீட்டுக்கு (40.6 செல்சியஸ்) மேல் இருக்க வேண்டும், அல்லது, உடல் கிடந்த அறை கடும் வெக்கையோடு, ஜன்னல் அடைத்து இருந்ததற்குச் சான்று வேண்டும், அல்லது, உடல் அழுகிய நிலையில் கிடைத்து, அந்த ஆள் வெப்ப அலைக் காலத்தில் கடைசியாக உயிருடன் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். பின்னர் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

465, 521, 739 என மூன்று எண்கள் இன்றும் புழங்குகின்றன. மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. முதல் இரண்டும் பிணப் பரிசோதனை அலுவலகம் வெப்பச் சாவு என்று சான்றளித்தவை. வெவ்வேறு தேதி எல்லைகள். மூன்றாவது கூடுதல் இறப்பு: அந்த வாரத்தில் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த இறப்பிலிருந்து, முந்தைய ஆண்டுகளின் அதே வாரச் சராசரியைக் கழித்தது. பரிசோதனைக்கே வராமல் ‘மாரடைப்பு’ என்று எழுதிப் புதைத்தவர்கள் கடைசி எண்ணில்தான் அகப்படுவார்கள். வெப்பச் சாவைப் பொறுத்தவரை கூடுதல் இறப்பே நம்பகமான அளவு.

இதற்கு ஒரு மறுப்பு எப்போதும் வரும்: எப்படியும் சில நாட்களில் இறக்கவிருந்தவர்கள்தானே முந்திப் போனார்கள்? அதைச் சோதிக்கும் வழி எளிது. அப்படியானால் அடுத்து வரும் வாரங்களில் இறப்பு வழக்கத்தைவிடக் குறைய வேண்டும். 2007-இல் வெளியான ஒரு மறு ஆய்வு ஜூன் 21 முதல் ஆகஸ்ட் 10 வரை எடுத்துக்கொண்டு 692 கூடுதல் இறப்புகளைக் கணக்கிட்டது. அவற்றில் 26 விழுக்காடே அவ்வாறு முந்திப்போனவை. மீதிப் பேர் பிழைத்திருக்கக்கூடியவர்கள்.

வீடு வீடாகப் போன ஆய்வும் அதன் குருட்டுப் புள்ளியும்

நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் குழு, இறந்த 339 பேருக்கு இணையாக, அதே அக்கம்பக்கத்தில் அதே வயதில் உயிருடன் இருந்த 339 பேரைத் தேர்ந்து ஒப்பிட்டது. முடிவுகள் 1996-இல் வெளிவந்தன. கீழே வருபவை வாய்ப்பு விகிதங்கள்; 1-க்கு மேல் போனால் ஆபத்து, கீழே வந்தால் பாதுகாப்பு. படுத்த படுக்கையாக இருப்பது 5.5. தினமும் வீட்டைவிட்டு வெளியே போகாதது 6.7. மேல்தளத்தில் குடியிருப்பது 4.7. தனியே வாழ்வது 2.3. இயங்கும் ஏசி 0.3. போக்குவரத்து வசதி இருப்பதும் 0.3, ஏசிக்குச் சமமான பாதுகாப்பு. நண்பர்களும் குழு நடவடிக்கைகளும் இருந்தவர்கள் தப்பினார்கள்.

நல்ல ஆய்வு. ஆனால் ஒப்பீட்டாளர்களை அதே அக்கம்பக்கத்திலிருந்து எடுத்ததால், அக்கம்பக்கத்தின் விளைவு கணக்கிலிருந்தே துடைத்தெறியப்பட்டது. எதை இணைசேர்க்கிறோமோ அதன் செல்வாக்கை அளக்க முடியாது. இது நோய்ப் பரவலியலின் பாலபாடம். கையில் மிஞ்சியது தனிநபர்களின் பட்டியல்: தனியாக இருந்தார், வெளியே போகவில்லை, ஏசி இல்லை. ஏன் வெளியே போகவில்லை என்ற கேள்வி அதில் இல்லை. நாளிதழ்களும் அதிகாரிகளும் இந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, ‘தங்களைக் கவனித்துக்கொள்ளாதவர்கள்’ என்ற இடத்துக்கு நழுவியது அதனால்தான் சுலபமாயிற்று.

இரண்டு லான்டேல்கள்

சிகாகோ 77 சமூகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் வட லான்டேலும் தென் லான்டேலும் ஒட்டியுள்ளவை. இரண்டிலும் ஏழை முதியவர்களின் பங்கும் தனித்து வாழும் முதியவர்களின் பங்கும் ஏறக்குறைய சமம். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் இந்த இரண்டையும் எடுத்து அருகருகே வைத்ததுதான் இந்த நிகழ்வின் ஆய்வு வரலாற்றில் திருப்பம்.

வட லான்டேல்: 1990 மக்கள்தொகை 47,296, வெப்பச் சாவு 19. ஒரு லட்சத்துக்கு 40. தென் லான்டேல்: மக்கள்தொகை 81,155, சாவு 3. ஒரு லட்சத்துக்கு 4-க்கும் குறைவு. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

3 என்பது மிகச் சிறிய எண். தற்செயலா என்று கேட்பது நியாயம். அரிதான நிகழ்வுகளின் எண்ணிக்கைக்குப் பயன்படும் பாய்சான் பரவல்படி 95 விழுக்காடு நம்பக எல்லைகளை (உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பை) போட்டால், 3-க்கு 0.6 முதல் 8.8 வரை, விகிதமாக லட்சத்துக்கு 0.8 முதல் 10.8. 19-க்கு 11.4 முதல் 29.7 வரை, லட்சத்துக்கு 24 முதல் 63. இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. தற்செயலால் இந்த இடைவெளி வராது.

வட லான்டேலில் 1960-இல் ஏறத்தாழ 1,25,000 பேர் இருந்தார்கள். சியர்ஸ் என்ற பெரும் சில்லறை வணிக நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. 1970-களின் முதற்பாதியில் அது நகர மையத்தில் கட்டிய கோபுரத்துக்குப் போய்விட்டது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் எனப் பக்கத்திலிருந்த பெரும் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் எழுந்த கலவரத்தில் கடைத்தெருக்கள் எரிந்தன. பல திரும்பக் கட்டப்படவில்லை. முப்பது ஆண்டுகளில் ஐந்தில் மூன்று பங்கு மக்கள் போய்விட்டார்கள். போனவர்கள் போக முடிந்தவர்கள். மிஞ்சியது காலி மனை, பூட்டிய கடை, இடிந்த வீடு, அவற்றின் நடுவே போதை வியாபாரம்.

அந்தத் தெருவில் 75 வயது ஒருவர் வெயில் நேரத்தில் எங்கே போவார்? ஏசி போட்ட மளிகைக் கடை இல்லை. உட்கார நிழலான இடம் இல்லை. நடந்து போனால் வழிப்பறி பயம். ஜன்னலைத் திறந்தால் திருட்டு பயம். ஆகவே கதவைப் பூட்டி, ஜன்னலை அடைத்து, சில வீடுகளில் ஆணி அடித்தே மூடி உள்ளே இருந்தார்கள். யாராவது வந்து தட்டினாலும் திறக்கவில்லை. வழக்கமான நாட்களில் இது அறிவுள்ள தற்காப்பு. 41 டிகிரியில் அதே வழக்கம் கொன்றது.

தென் லான்டேலில் மக்கள்தொகை ஏறிக்கொண்டிருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் வீடுகளை நிரப்பினார்கள். கடைத்தெரு காலை முதல் இரவு வரை நெரிசல். ஆயத்தம் எதுவும் இல்லாமலேயே, முதியவர்கள் வீட்டுச் சூடு தாங்காமல் இறங்கி வந்து கடைக்குள் நின்றார்கள். அங்கே மிஞ்சியிருந்த வெள்ளையின முதியவர்களில் பலரும் தனியே வாழ்ந்தவர்கள்தாம். அவர்களும் பிழைத்தார்கள் என்பது முக்கியம். ஏனெனில் ‘லத்தீனக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்கள் பெரியவர்களைக் கைவிடமாட்டார்கள்’ என்ற பண்பாட்டு விளக்கம் உடனே முன்வந்தது. நகர மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இருந்த லத்தீனர்கள் சாவுகளில் 2 விழுக்காடுதான் என்பது அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. குடும்பம் உதவியிருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் குடும்பமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்ததை அது விளக்கவில்லை.

பண்பாட்டு விளக்கத்தை உடைத்த இணை

நகரின் தெற்கே எங்கிள்வுட், ஆபர்ன் கிரெஷம் என்ற இரண்டு பகுதிகள். இரண்டிலும் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர். முதியவர் பங்கு ஏறக்குறைய சமம். வறுமை, வேலையின்மை, வன்குற்றம் எல்லாம் இரண்டிலும் அதிகம். எங்கிள்வுட்டில் லட்சத்துக்கு 33 பேர் இறந்தார்கள். ஆபர்ன் கிரெஷமில் லட்சத்துக்கு 3 பேர்; நகரின் வடபுறத்துப் பணக்காரப் பகுதிகள் பலவற்றைவிடக் குறைவு.

இனம் காரணம் என்றால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். குற்ற விகிதம் நேரடிக் காரணம் என்றாலும் அப்படியே. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. 1960-க்கும் 1990-க்கும் இடையில் எங்கிள்வுட் பாதி மக்களையும் பெரும்பாலான கடைகளையும் இழந்தது; ஆபர்ன் கிரெஷமில் மக்கள்தொகை சரியவில்லை. நடைபாதை இருந்தது, கடை இருந்தது, தேவாலயமும் தெருக்குழுவும் இயங்கின. யார் தினமும் வருவார், யார் இன்று வரவில்லை என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

இந்த இணையைத்தான் குற்றவியல் படிப்பவர்கள் அழுத்திப் படிக்க வேண்டும். குற்றம் நடக்கும் தெரு எல்லாம் ஆளைக் கொல்லும் தெரு ஆகவில்லை. குற்றமும் இருந்து, ஆள் நடமாட்டமும் வற்றிய இடத்தில்தான் பயம் பூட்டாக மாறியது. நடமாட்டம் இருந்த இடத்தில் பயந்தவர்களும் வெளியே வந்தார்கள். தெருவில் நாலு பேர் இருப்பதே துணை.

சமூக அழுத்தம் என்பது எங்கே வேலை செய்கிறது

சமூக அழுத்தம் என்றதும் மனப்பதற்றம், இரத்த அழுத்தம், கோபம் என்று உடலுக்குள் போய்விடுகிறோம். அவையும் உண்டு. இந்த நிகழ்வில் தெரியும் பாதை வேறு: நீண்டகால அழுத்தம் பழக்கங்களை மாற்றுகிறது. வேலை போன ஊரில் நண்பர்கள் இடம் பெயர்கிறார்கள், அறிமுகங்கள் குறைகின்றன. அறிமுகம் குறைந்த தெருவில் அந்நியர் எல்லோரும் ஆபத்தானவராகத் தெரிகிறார்கள். வெளியே போவது சுருங்குகிறது. தெருவில் கண்கள் குறைவதால் குற்றத்துக்கு இடம் கூடுகிறது. அது மேலும் பூட்டவைக்கிறது. இந்தச் சுழல் சாதாரண நாட்களில் கண்ணுக்குத் தெரியாது; திடீர் அதிர்ச்சி வரும்போதுதான் அதன் விலை ஒரே வாரத்தில் கட்டப்படுகிறது.

ஆண்களின் கணக்கு இதைக் காட்டுகிறது. முதிய பெண்களே அதிகம் தனியே வாழ்கிறார்கள். ஆனால் வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் ஆண்கள் பெண்களைவிட இரு மடங்குக்கு மேல் இறந்தார்கள். தனியே வசிப்பதும் துண்டிக்கப்பட்டு வாழ்வதும் வேறு வேறு. வேலையோடு ஒட்டியே நட்பு வளர்த்த ஆண்கள், வேலையும் மனைவியும் போனபின் மலிவு விடுதியின் ஒற்றை அறையில் யாருக்கும் தெரியாமல் இருந்தார்கள். உரிமை கோர ஆளில்லாத உடல்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. வெப்பத்தில் இறந்த 41 பேர் ஆகஸ்ட் மாதம் சிகாகோவின் தெற்கே உள்ள ஹோம்வுட் புறநகரில் பொதுக் குழியில் புதைக்கப்பட்டார்கள்.

பழைய வரைபடம், புதிய வினாத்தாள்

இதே நகரில் சமூகவியலாளர்கள் கிளிஃபர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் 1900 முதல் 1933 வரையிலான சிறார் நீதிமன்றப் பதிவுகளை மூன்று காலத் தொகுதிகளாக வரைபடத்தில் புள்ளியிட்டு 1942-இல் வெளியிட்டார்கள். குடியிருப்போர் ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்துக்காரர், இத்தாலியர் என மாறிக்கொண்டே இருந்தும் குற்றம் அதிகமான வட்டாரங்கள் மாறவில்லை. ஆட்கள் வந்து போனார்கள். இடத்தின் விகிதம் நின்றது. அவர்கள் காட்டிய காரணிகள் மூன்று: வருமானக் குறைவு, அடிக்கடி குடிபெயர்தல், ஒருவரையொருவர் அறியாத பல இனக் கலப்பு. அதே வரைபடத்தில் காசநோயும் சிசு மரணமும் குற்றத்தோடு ஒட்டியே விழுந்தன என்பதையும் அவர்கள் குறித்தார்கள். குற்றவியல் அந்தப் பாதியைப் பல ஆண்டுகள் மறந்துவிட்டது.

மூன்றாவது காரணி இன்று அப்படியே நிற்காது. புதிதாக வந்தவர்கள் நிறைந்த தென் லான்டேல்தானே தப்பித்தது?

1995-லேயே, வெப்ப அலை வீசிய அதே ஆண்டில், ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் ஆகியோரின் ஆய்வுக்காக 343 அக்கம்பக்கங்களில் 8,782 பேரிடம் நேர்காணல் நடந்தது. பத்துக் கேள்விகள், ஐந்து நிலைப் பதில்கள். ஐந்து கேள்விகள் தலையிடுவது பற்றி: சிறுவர்கள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால், சுவரில் கிறுக்கினால், பெரியவரிடம் மரியாதைக்குறைவாக நடந்தால், வீட்டு வாசலில் அடிதடி நடந்தால், பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தை மூட முயன்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? மற்ற ஐந்து நம்பிக்கை பற்றி: உதவுவார்களா, நெருக்கமா, நம்பலாமா, ஒத்துப்போகிறார்களா, ஒரே மதிப்பீடுகள் உண்டா. இரண்டு தொகுதிகளும் அக்கம்பக்க அளவில் 0.80 தொடர்போடு (1 என்றால் முழுப் பொருத்தம்) நகர்ந்ததால் ஒன்றாக்கி, கூட்டுத் திறன் என்ற அளவாக்கினார்கள். முந்தைய வன்முறையையும் வறுமையையும் கழித்த பிறகும், இந்த அளவு உயர்ந்த இடத்தில் வன்முறை குறைவாக இருந்தது. ஆனால் அந்தத் திறனின் வேறுபாட்டில் 70 விழுக்காட்டைக் குவிந்த வறுமை, குடியேறியோர் செறிவு, குடியிருப்பு நிலைத்தன்மை ஆகிய மூன்றே விளக்கிவிட்டன. ஒற்றுமை ஆகாயத்திலிருந்து விழுவதில்லை என்று பொருள். ‘மக்கள் ஒற்றுமையாக இருந்தால் போதும்’ என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள்.

2006-இல் கிறிஸ்டபர் பிரௌனிங் குழு இந்தக் கணக்கெடுப்பையும் தெருக் கண்காணிப்புப் பதிவுகளையும் வெப்ப அலை இறப்புகளோடு சேர்த்தது. வசதியான பகுதிகளில் 1995-இல் சாவு குறைவு. அந்த வேறுபாட்டை விளக்கியது கடைத்தெருவின் சிதைவு. மற்ற ஆண்டுகளின் அதே ஜூலை வாரங்களில் இந்தத் தொடர்பு இல்லை. பூட்டிக்கிடக்கும் கடை சாதாரண ஜூலையில் யாரையும் கொல்வதில்லை. ஆகவே குற்றத்தைக் கணிக்கும் அளவுகோலை எடுத்து விபத்தைக் கணிக்க அப்படியே பயன்படுத்த முடியாது. வன்முறைக்கு, தலையிடும் அண்டைவீட்டார் முக்கியம். வெப்பத்துக்கு, போய் நிற்க ஓர் இடம் முக்கியம். வேர் ஒன்று, கிளைக்கும் இடம் வேறு.

இப்படி ஓர் ஆய்வைச் செய்பவர்களுக்கு

முதலில் முகவரி. இறந்த இடமா, வசித்த இடமா? மருத்துவமனையும் முதியோர் இல்லமும் இருக்கும் வார்டு இறந்த இடக் கணக்கில் வீணாக வீங்கும். வசித்த இடத்தைத்தான் எடுக்க வேண்டும். மலிவு விடுதிவாசிகளும் நடைபாதைவாசிகளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குறைவாகவே பதிவாகிறார்கள். அவர்கள் மிகுந்த பகுதியில் வகுக்கும் எண் சிறுத்து விகிதம் ஊதும்.

அடுத்து வயது. வயதைச் சரிசெய்யாத விகிதத்தை வைத்து இரண்டு பகுதிகளை ஒப்பிடக்கூடாது. எண்ணிக்கை சிறிதாக இருந்தால், நகரத்தின் வயதுவாரி விகிதங்களை அந்தப் பகுதியின் வயது அமைப்பின்மேல் போட்டு எதிர்பார்க்கும் சாவைக் கணக்கிட்டு, நடந்ததை அதனால் வகுக்கும் மறைமுக முறை நல்லது. மேலே பார்த்ததுபோல் நம்பக எல்லை இல்லாமல் எந்த விகிதத்தையும் அச்சிடக்கூடாது.

குற்றத்தரவில் வேறு பொறி. காவல் நிலையத்தில் பதிவானது நடந்த குற்றமும் புகார் கொடுக்கும் மனமும் சேர்ந்த கலவை. ஒற்றுமையான பகுதியில் மக்கள் புகார் அதிகம் கொடுப்பார்கள். காகிதத்தில் அந்தப் பகுதி மோசமாகத் தெரியும். இதற்காகத்தான் மறைக்கக் கடினமான கொலையையும், பாதிக்கப்பட்டோரிடம் நேரடியாகக் கேட்கும் கணக்கெடுப்பையும் சேர்த்து வைக்கிறார்கள். அப்போது சிகாகோவில் ஆண்டுக்கு 800-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்ததால் பகுதிவாரியாகப் பிரித்தும் பார்க்க முடிந்தது. சிறு நகரத்தில் ஓராண்டுத் தரவு போதாது. ஐந்தாண்டையாவது கூட்ட வேண்டும்.

அக்கம்பக்கத்தை அளக்க, ஒரு பகுதிக்குக் குறைந்தது 20 பேரிடம் கேட்க வேண்டும். சிகாகோவில் 20 பேர் என்றால் அளவின் நம்பகம் (1 என்றால் முழு நம்பகம்) 0.80, 50 பேர் என்றால் 0.91. ஐந்தாறு பேரிடம் கேட்டு ஒரு தெருவுக்கு மதிப்பெண் போடுவது வீண் வேலை. கேள்வியோடு கண்ணும் வேண்டும்: நடந்து போய் ஒவ்வொரு தெருத்துண்டிலும் திறந்த கடை எத்தனை, பூட்டியது எத்தனை, காலி மனை எத்தனை, உட்கார இடம் உண்டா என்று எண்ணிக் குறிக்க வேண்டும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் போனால்தான் ஆள் நடமாட்டம் பிடிபடும்.

பகுதியின் விகிதத்தை வைத்துத் தனியொருவரைப் பற்றி முடிவு சொல்வது பெரிய தவறு. அதே அளவு தவறுதான், தனிநபர் காரணிகளைக் கூட்டிப் பகுதியை விளக்கிவிட்டதாக நினைப்பதும்.

1999

நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் கடும் வெப்ப அலை வந்தது. இந்த முறை நகரம் முன்கூட்டியே எச்சரித்தது, குளிர்ந்த மையங்களைத் திறந்து இலவசப் பேருந்து விட்டது, தனியே வாழும் முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்தது, காவலர்களையும் ஊழியர்களையும் வீட்டுக்கு வீடு அனுப்பியது. 1995-இலும் ஓர் அவசரத் திட்டம் காகிதத்தில் இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. 1999-இல் சாவு சுமார் 110.

தட்டிப்பார்க்கும் பணியில் எங்கே கோட்டை விடுகிறோம் என்பது தெரிந்ததே. பட்டியலில் பெயர் இல்லாதவர் விடுபடுவார். விடுதி அறைவாசிகளும் அண்மையில் குடிவந்தவர்களும் அதில் இருக்கமாட்டார்கள். பயந்து பழகியவர் சீருடைக்குக் கதவைத் திறப்பதில்லை. ஆகவே தெரிந்த முகம் ஒன்று கூட வர வேண்டும், கடைக்காரரோ தபால்காரரோ கோயில்காரரோ. ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற குரலை மட்டும் கேட்டுத் திரும்பக்கூடாது; உள்ளே போய் அறையின் சூட்டையும், ஜன்னல் திறக்கிறதா என்பதையும், குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மேல்தளத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். வெப்ப உச்சத்துக்கு இரண்டு நாள் கழித்தே சாவு உச்சமடைவதால், முதல் இரவு வெப்பம் இறங்காதபோதே சுற்றுக்குப் புறப்பட வேண்டும். இரண்டாம் இரவுக்குப் பின் தட்டப்படும் கதவுகளில் பலவற்றை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.